ஆறரைக்கு ஆறு

"அண்ணன் எத்தனை கிலோ இருப்பாங்க?"
திருவாரூர்க் கடையில்
டேப்பைக் கழுத்தில் போட்டிருந்த பையன் கேட்டான்.
போனில் முகம்தான் தெரியும், தம்பி.
ரெண்டு வருடத்துக்கு ஒருதரம் நாற்பது நாள்,
அதில் கல்யாண வீடு, மௌத்து வீடு, பத்திர ஆபீஸ் போக
மிச்ச ராத்திரியை யார் எடைபோட்டது?
எழுபதுன்னு வச்சுக்க.

ஒருக்களித்துப் படுப்பாரா, மல்லாந்தா?
முதுகுவலி உண்டா?
புரளுவாரா? சூட்டு உடம்பா?
நிக்காஹ் பேசின அன்றைக்குக்கூட
இத்தனை விசாரிக்கவில்லை எங்கள் வீட்டில்.
குவைத்தை முடித்துக்கொண்டு
ஒரேயடியாக வருகிறார், மாசக் கடைசியில்.
அதை மட்டும் சொன்னேன்.

தென்னைநார் வேண்டாமென்று அவனே சொன்னான்.
நம்ம மண்ணு ரெண்டடி தோண்டினால் தண்ணி,
ஐப்பசியில் தரையே வேர்க்கும்,
மாடி இல்லாதவங்க வீட்டில்
மூணாம் வருஷம் மெத்தைக்கு அடியில் காளான் குடை பிடிக்கும்.
கடைக்காரன் உண்மை பேசினால் பயமாக இருக்கிறது.
அடுத்து வருவது விலை கூடினதாக இருக்கும்.

இருந்தது.
"மெமரி ஃபோம்க்கா. உடம்பை ஞாபகம் வச்சுக்கும்."
உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன்.
ஐந்து விரலும் பதிந்து கிடந்தன, மோதிரத்தோடு.
எட்டு எண்ணுவதற்குள் மறந்துவிட்டது.
இது தோதுப்படாது தம்பி,
நாங்க வருஷக் கணக்குக்காரங்க.

"படுத்துப் பாருங்கக்கா. பாக்காம வாங்காதீங்க."
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
அவன் ரசீதுப் புத்தகத்தைத் தேடுவதுபோல
அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.
நல்ல தாய் பெத்த பிள்ளை.
முதலில் ஸ்பிரிங்:
மன்னார்குடி பஸ்ஸில் கடைசி சீட்.
அடுத்தது பஞ்சு மாதிரி, விலையும் சல்லிசு,
ஆனால் நடவு வயலில் இறங்கினதுபோல
இடுப்புவரை உள்ளே இழுத்தது.
மூன்றாவது கெட்டி.
கெட்டிக்கு மேலே ஒரு விரக்கடை மெத்து.
முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக
சரி, சரி, சரி என்றது.
மேலே ஃபேன் சுற்றியது.
கண்ணை மூடியிருக்க வேண்டும்.

"அக்கா... இது ரெண்டு பேரு மெத்தை.
நடுவுல படுத்தா எப்படித் தெரியும்?"

அப்போதுதான் பார்த்தேன்.
கமலாலயக் குளத்துக்கு நடுவே கோயில் நிற்கிறதே,
அப்படிக் கிடக்கிறேன்,
நாலு பக்கமும் தண்ணீர் விட்டு.

வலப்பக்கம் நகர்ந்து படுத்தேன்.
இடப்பக்கம் படுத்தேன்.
ரெண்டும் வேறு யாரோ வீடு.

இதுதான், இதையே கட்டு என்றேன்.
ஆறரைக்கு ஆறு.
வீட்டுக் கொசுவலை ஐந்தடி அகலம்,
அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.
"கியாரண்டி பத்து வருஷம். யார் பேருக்குக்கா?"
ஜுலைகா பீவி, கூத்தாநல்லூர்.
"அண்ணன் பேரு?"
அவர் பேரில் ஏற்கனவே நிறைய காகிதம் இருக்கு தம்பி.

லெட்சுமாங்குடிப் பாலம் ஏறும்போது தூறல் பிடித்தது.
மெத்தையின் பிளாஸ்டிக் உறையில்
மழை பொரி பொரித்தது, குட்டி யானை வண்டியில்.
டிரைவர் பக்கத்தில் அமர்ந்து
நிமிஷத்துக்கொருமுறை திரும்பிப் பார்த்தேன்,
பின்னால் யாரோ உட்கார்ந்து வருவதுபோல.

உறையைப் பிரிக்க மனசில்லை அன்றிரவு.
அவர் வரட்டும்.
வலது ஓரமாகத்தான் படுத்தேன், சத்தியமாக.
திரும்பினால் சரசரப்பு. கால் நீட்டினால் சரசரப்பு.
இத்தனை புரளுவேனா நான்?
விடிகிற நேரம் நடுவில் கிடந்தேன்.

"எந்தப் பக்கம் வேணும் மச்சான்?"
தூங்குமுன் குரல் பதிந்து அனுப்பியிருந்தேன்.
பஜ்ருக்கு எழுந்தபோது பதில் இருந்தது.
"சுவத்துப் பக்கம் குடு புள்ள.
பதினோரு வருஷமா மேல்கட்டில்,
ராத்திரி பூரா ஒரு கை கம்பியப் புடிச்சிட்டே கெடக்கும்.
விழாத எடமா இருந்தாப் போதும்."

சுவர்ப் பக்கம்தான் ஜன்னல்.
அதன் கொக்கி போன வருடப் புயலில் போனது.
வாடைச் சாரல் நேராகத் தலையணைக்கு வரும்.
அதை நான் சொல்லவில்லை.
வந்து நனையட்டும்.